இரு கொரியத் தற்காப்புக் கலைகளும் தொடக்கநிலை மாணவரும்

தோற்றுவாய்

கலை எதுவாயினும் அதனைக் கற்கத் தொடங்கும் முதல் ஆண்டே பெருமதிப்புடையது. பின்னாளில் திருத்துதற்கு அரிய பழக்கங்கள் பலவும் அவ்வாண்டிலேயே உடம்பிற் படிகின்றன. எழுதப் பழகும் சிறுவன் எழுதுகோலைப் பிடிக்கும் முறை அவன் முதுமைவரை அவனோடு செல்கின்றது. அதுபோலவே தற்காப்புக் கலை பயிலப் புகுவோர் முதல் மாதங்களிற் காலூன்றும் முறையும், கையை மீட்கும் முறையும், மூச்சுவிடும் முறையும் அவர்களை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

கொரிய நாட்டில் உருவாகி உலகெங்கும் பரந்த தற்காப்புக் கலைகளுள் டைக்குவாண்டோவும் ஹப்கிடோவும் பெயர்பெற்றவை. முன்னையது உதையையும் குத்தையும் தலையாய கருவிகளாகக் கொண்டது. பின்னையது பிடிவிடுத்தல், மூட்டுப்பூட்டு, வீழ்த்துதல் என்பவற்றை முதன்மையாகக் கொண்டு உதையையும் உடன்சேர்த்துக்கொண்டது. கொரியாவினின்றும் பிறநாடுகளுக்குச் சென்று கூடங்கள் நிறுவிய ஆசான்மாருட் பலர் இவ்விரண்டிலும் பயிற்சிபெற்றவர்கள். ஆதலால் ஒரே கூடத்தில், ஒரே ஆசானிடத்தில், ஒரே மாலைப்பொழுதில் இரண்டையும் பயிலும் வழக்கம் பல நாடுகளிலே தோன்றிற்று. முதிர்ந்த மாணவர்க்கு இவ்வழக்கம் நன்மை தருவதாகலாம். ஒன்றும் அறியாது வெள்ளைப்பட்டியோடு கூடத்துட் புகும் தொடக்கநிலை மாணவர்க்கு அது தகுமா என்பதே வினா.

இவ்வினா வெறும் முறைமை பற்றியதன்று. தவறான ஒழுங்கிற் கற்பிக்கப்படும் மூட்டுப்பூட்டு, வளரும் பிள்ளையின் எலும்பைத் தாக்கக்கூடியது. இரண்டிலும் அரைகுறையாகப் பயின்ற இளைஞர், இல்லாத வல்லமையை உண்டென எண்ணி இடரில் இறங்கவுங்கூடும். டைக்குவாண்டோ இன்று நம் நாட்டிலும் பயிலப்படுவதால், பயில விரும்பும் மாணவரும் அவர்களை அனுப்பும் பெற்றோரும் இதனைச் சிந்தித்தல் நன்று.

டைக்குவாண்டோவின் வரலாறும் இயல்பும்

கொரியரிடையே பழமையான போர்ப்பயிற்சி இருந்ததென்பதற்கு ஐயமில்லை. ஜொங்ஜோ மன்னர் காலத்தில், 1790ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ‘முயே டோபோ தொங்ஜி’ என்னும் படைக்கலை நூல் இருபத்துநான்கு பயிற்சிமுறைகளை விளக்குகின்றது. வெறுங்கைச் சண்டையும் அவற்றுள் ஒன்று. தெக்கியோன் எனப்படும் பழைய கால்விளையாட்டு 2011இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. எனினும் இன்று டைக்குவாண்டோ என வழங்கும் கலையின் வடிவத்தை, 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தை ஒதுக்கிவிட்டு விளங்கிக்கொள்ள இயலாது. அக்காலத்தில் யப்பானிற் கல்வி பயின்ற கொரிய இளைஞர் சிலர் அங்கே கராத்தே கற்றனர். அவர்களுள் ஒருவரான லீ வொன் குக் என்பார், பூனக்கோசி கிச்சினிடம் பயின்றவர். அவர் 1944இற் சியோல் நகரிற் சுங் டோ குவான் என்னும் கூடத்தை நிறுவினார். விடுதலைக்குப் பின்னர் இத்தகைய கூடங்கள் பல எழுந்தன.

அக்கூடங்கள் தத்தமக்கெனப் பெயரும் முறையும் கொண்டிருந்தன. அவற்றை ஒருங்கிணைக்கும் முயற்சியில், 1955ஆம் ஆண்டு டைக்குவாண்டோ என்னும் பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது. அதனை முன்மொழிந்தவர் சோய் ஹோங் ஹி என்னும் படைத்தலைவர். காலால் அடித்தல், கைமுட்டி, நெறி என்னும் மூன்று சொற்களின் கூட்டே அப்பெயர். 1966இல் அவர் சர்வதேச டைக்குவாண்டோ சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். 1972இற் சியோல் நகரிற் குக்கிவொன் என்னும் தலைமைக்கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் உலக டைக்குவாண்டோ சம்மேளனம் அமைந்தது. 1988இலும் 1992இலும் ஒலிம்பிக் விழாக்களிற் காட்சிப்போட்டியாக இடம்பெற்ற இக்கலை, 2000ஆம் ஆண்டு சிட்னி விழாவிற் பதக்கத்திற்குரிய போட்டியாயிற்று.

இவ்வரலாற்றின் பயனாக டைக்குவாண்டோவிற்கு ஒழுங்கான பாடத்திட்டம் வாய்த்தது. குக்கிவொன் முறையிற் பயில்வோர் கறுப்புப்பட்டிக்கு முன்னர் தேகுக் எனப்படும் எட்டு வடிவப் பயிற்சிகளைக் கற்கின்றனர். அவற்றுள் முதலாவது பதினெட்டு அசைவுகளைக் கொண்டது. கீழ்த்தடுப்பு, நடுத்தடுப்பு, மேல்தடுப்பு, நேர்க்குத்து, முன்னுதை ஆகிய ஐந்துமே அதன் அடிப்படை. மாணவர் தமக்கு முன் எவரும் இல்லாதிருக்கையிலேயே இவற்றைப் பயிலலாம். ஆசான் ஒருவர் முப்பது பேரை வரிசையில் நிறுத்தி, ஒரே பார்வையிற் பிழை கண்டு திருத்தலாம். தொடக்கப் பயிற்சிக்கு இது பெரியதொரு வசதி.

ஹப்கிடோவின் வரலாறும் இயல்பும்

ஹப்கிடோவின் மூலம் சோய் யோங் சுல் என்பவரோடு தொடர்புடையது. இளமையில் யப்பானுக்குச் சென்ற இவர், உலகப்போர் முடிந்தபின் தாயகம் மீண்டு டேகு நகரில் வாழ்ந்தார். யப்பானிலே டைட்டோ மரபின் பேராசானாகிய டக்கேடா சோக்காக்குவிடம் நெடுங்காலம் பயின்றதாக அவர் கூறினார். அக்கூற்றின் விவரங்களில் ஆய்வாளர் ஒருமனப்பட்டிலர். ஆயினும் அவர் கற்பித்த பிடிகளும் பூட்டுகளும் அம்மரபினவற்றை ஒத்தவை என்பது பொதுவாக ஏற்கப்படுகின்றது. 1948இல், டேகு நகரிலிருந்த மதுவடிசாலை ஒன்றின் உரிமையாளர் மகனாகிய சோ பொக் சொப், இவர் தம்மைத் தாக்கியோரை எளிதில் விலக்கியதைக் கண்டு வியந்து இவருடைய முதல் மாணவரானார் என்பர்.

டக்கேடாவிடம் பயின்ற மற்றொருவர் அய்கிடோவைத் தோற்றுவித்த உயேசிபா மொரிஹெயி. அய்கிடோ, ஹப்கிடோ என்னும் பெயர்கள் இரண்டும் ஒரே மூன்று சீன எழுத்துகளால் எழுதப்படுவன. இணைவு, உயிராற்றல், நெறி என்பன அவ்வெழுத்துகளின் பொருள். பெயர் ஒன்றாயினும் கலைகள் வேறாயின. அதற்குப் பெருங்காரணராக இருந்தவர் சோய் யோங் சுல்லின் மாணவராகிய ஜி ஹான் ஜே. 1936இற் பிறந்த இவர், டேகுவிற் கற்ற பிடிமுறைகளோடு பலவகை உதைகளையும் சேர்த்துச் சியோல் நகரிற் கற்பித்தார். கொரிய அதிபரின் மெய்க்காவலர்க்குப் பயிற்சியளித்த பெருமையும் இவருக்குண்டு. இன்று உலகில் ஹப்கிடோ எனப் பயிலப்படுவதிற் பெரும்பகுதி இவர் வழிவந்தது.

ஹப்கிடோவின் கோட்பாடுகளாக மூன்று கூறப்படும். எதிர்க்கும் விசையோடு மோதாது இணங்குதல் முதலாவது. வட்டமாக இயங்குதல் இரண்டாவது. நீரைப்போல இடையறாது ஒழுகுதல் மூன்றாவது. ஒருவர் மணிக்கட்டைப் பற்றினால், அவரது விசை செல்லும் திசையையே துணைக்கொண்டு விடுபடுதலும், அவரது மணிக்கட்டையோ முழங்கையையோ பூட்டி நிலைகுலைத்தலும் இதன் அடிப்படைப் பாடங்கள். இவற்றைத் தனித்துப் பயில இயலாது. பிடிப்பவர் ஒருவரும் விடுபடுபவர் ஒருவரும் வேண்டும். ஆசான் ஒவ்வோர் இணையினரையும் அணுகிக் கைதொட்டுத் திருத்தல் வேண்டும்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

புறத்தே நோக்கின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒத்த உடை, இடைப்பட்டி, வணக்கமுறை, கொரிய மொழிக் கட்டளைகள், உரத்த மூச்சொலி யாவும் இரண்டிற்கும் பொது. முன்னுதை, பக்கவுதை, சுழலுதை முதலியவற்றின் பெயர்களும் பெரும்பாலும் பொதுவே. இவ்வொற்றுமையே தொடக்கநிலை மாணவரை மயங்கச் செய்வது. ஒத்த உடையும் ஒத்த சொல்லும் உள்ளவிடத்து, உடம்பின் இயக்கமும் ஒன்றெனவே அவர் எண்ணுவார்.

உள்ளே நோக்கின் வேற்றுமைகள் நான்கு புலப்படும்.

முதலாவது இடைவெளி. டைக்குவாண்டோ பயில்பவர் எதிரியைக் காலெட்டும் தூரத்திலே நிறுத்த முயல்வார். போட்டி விதிகளின்படி பற்றிப்பிடித்தல் தண்டத்திற்குரிய குற்றமாதலால், நெருங்கிய தூரத்தில் நெடுநேரம் நிற்க அவர் பழகுவதில்லை. ஹப்கிடோவின் பாடங்களிற் பல, கை பற்றப்பட்ட பின்னரே தொடங்குகின்றன.

இரண்டாவது விசையின் போக்கு. டைக்குவாண்டோவின் குத்து நேர்கோட்டிற் செல்லும். ஒரு கை முன்செல்ல மறுகை இடுப்பிற்கு மீளும். ஹப்கிடோவிற் கை பெரும்பாலும் வளைந்து செல்லும். பிடிக்கப்பட்ட கையை நேரே பின்னிழுத்தல் அங்கே பிழை.

மூன்றாவது நிலை. டைக்குவாண்டோவின் வடிவப் பயிற்சியில் நீண்ட முன்நிலை வேண்டப்படும். போட்டியிலோ பக்கம் திரும்பித் துள்ளும் நிலை. ஹப்கிடோவில் உடல் இயல்பாக நிமிர்ந்து, அடி சறுக்கித் திரும்பத் தக்கவாறு நிற்றல் வேண்டும்.

நான்காவது துணைவரோடு கொள்ளும் உறவு. போட்டிப் பயிற்சியில் எதிர்நிற்பவர் நம்மை வெல்ல முயல்வார். பூட்டுப் பயிற்சியில் அவர் தம் மூட்டை நம் கையில் ஒப்படைக்கின்றார். முன்னதற்குரிய வேகத்தைப் பின்னதிற் காட்டின் துணைவர்க்குக் காயம் விளையும். பின்னதற்குரிய இணக்கத்தை முன்னதிற் காட்டின் தமக்கே அடி விழும்.

சேர்த்துப் பயில்வதன் நன்மை

வேற்றுமை மிகுதியாயின் இரண்டையும் ஏன் சேர்த்தல் வேண்டுமெனச் சிலர் வினவக்கூடும். அதற்கு மறுமொழியும் அவ்வேற்றுமைகளிலேயே உளது. ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்புகின்றது. உதை மட்டும் பயின்றவர், தம் உடையையோ கையையோ ஒருவர் இறுகப் பற்றியவிடத்துத் திகைப்பர். பிடி மட்டும் பயின்றவர், தூரத்திருந்து வரும் உதையைக் கண்டு பழகாமையால் அதனை ஏற்றுத் துன்புறுவர்.

இவற்றினும் உடனடியாகப் பயன்தருவது விழும் முறை. ஒரு காலில் நின்று மறுகாலை உயர்த்தும் கலையில் விழுதல் இயல்பு. பழகாதவர் விழும்போது கையைப் பின்னே ஊன்றுவர். உடற்பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கி எலும்பு முறியும். ஹப்கிடோவில் இதற்கெனத் தனிப்பயிற்சி உண்டு. நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்தல், மூச்சை வெளிவிடுதல், உடலின் பக்கம் முழுவதாலும் நிலத்தைத் தொடுதல், கையை உடலுக்குச் சாய்வாக நீட்டி உள்ளங்கையாலும் முன்கையாலும் பாயை அறைதல் என்பன அதன் கூறுகள். தாக்கம் ஓரிடத்திற் குவியாது பரவிச் செல்வதே இதன் தத்துவம். பாதையில் வழுக்கி விழுவோர்க்கும் இப்பழக்கம் உதவும். சண்டையே செய்யாது வாழ்நாளைக் கழிப்பவர்க்கும் பயன்படுவது தற்காப்புக் கலையில் இஃதொன்றே எனலாம்.

இடர்கள்

இனி இடர்களை நோக்குவாம். முதலாவது காலக்குறைவு. கிழமைக்கு இருநாள் வந்து, ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் பயிலும் மாணவர்க்கு, நாற்பத்தெட்டுக் கிழமைகளிற் கிடைப்பது 144 மணித்தியாலம். இதனைச் சமமாகப் பங்கிடின் ஒவ்வொரு கலைக்கும் 72 மணித்தியாலமே எஞ்சும். உடலைச் சூடாக்கும் பயிற்சிக்கும் இளைப்பாறலுக்கும் செல்வதைக் கழித்தால் அதுவும் சுருங்கும்.

இரண்டாவது, பழக்கங்கள் ஒன்றோடொன்று மோதுதல். திங்கட்கிழமை கையை இடுப்பிற்கு விசையோடு இழுக்கப் பழகிய மாணவர், புதன்கிழமை கை பற்றப்பட்டதும் அதே இழுப்பைச் செய்வார். பிடித்தவர் வலியராயின் கை வாராது. ஆசான் ‘இழுக்காதே’ என்பார். மீண்டும் திங்கட்கிழமை ‘இழு’ என்பார். ஏன் என்று அறியாத மாணவர் இரண்டையும் தயங்கித் தயங்கியே செய்வார்.

மூன்றாவது காயம். உதையில் வரும் காயங்களுட் சில பிழையான முறையால் வருவன. சுழலுதையில் ஊன்றிய பாதம் திரும்பாதிருக்க உடல் மட்டும் திரும்பின் முழங்கால் முறுகும். பூட்டில் வரும் காயமோ பிறர் கையால் வருவது. முழங்கையை நேராக நீட்டிப் பூட்டும்போது நோவு தோன்றுவதற்கும் மூட்டுக் கெடுவதற்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறியது. சிலருடைய மூட்டுகள் இயல்பாகவே தளர்ந்தவை. அவர்க்கு நோவு காலந்தாழ்த்தே தோன்றும். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. அது முதிர்ந்த எலும்பினும் வலிகுறைந்தது. பெண்பிள்ளைகட்கு ஏறக்குறைய 13 முதல் 15 வயதளவிலும், ஆண்பிள்ளைகட்கு 15 முதல் 17 வயதளவிலுமே அது எலும்பாக மூடுகின்றது. அதற்கு முன் அவ்விடத்தில் உண்டாகும் காயம் கையின் வளர்ச்சியையே பாதிக்கக்கூடும். ஆதலாற் சிறுவர்க்குப் பூட்டை முழுவிசையோடு கற்பித்தல் எவ்வாற்றானும் பொருந்தாது.

கற்றலியல் கூறுவது

கலந்து கற்றல் தீதா நன்றா என்பதனை உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். 1979இல் ஷே, மோர்கன் என்னும் இருவர் நடத்திய சோதனை பெயர்பெற்றது. கையால் மரத்தடைகளை வெவ்வேறு ஒழுங்கில் வீழ்த்தும் மூன்று செயல்களை அவர்கள் கற்பித்தனர். ஒரு குழுவினர் ஒரு செயலை முடித்த பின்னரே அடுத்ததைப் பயின்றனர். மற்றைக் குழுவினர் மூன்றையும் கலந்து பயின்றனர். பயிலும் வேளையிற் கலந்து பயின்றோர் பின்தங்கினர். ஆனால் பத்து நிமிடம் கழித்தும் பத்து நாள் கழித்தும் சோதித்தபோது அவர்களே முன்னின்றனர். ஒவ்வொரு முறையும் ‘எது, எவ்வாறு’ என மனம் புதிதாக நினைந்தமையே காரணம் எனக் கருதப்படுகின்றது.

இதனைக் கொண்டு முதல் நாளிலிருந்தே யாவற்றையும் கலக்கலாம் எனக் கொள்ளுதல் அவசரமாகும். அச்சோதனையிற் கற்பிக்கப்பட்டவை எளிய கையசைவுகள். உடல் முழுவதும் பங்குகொள்ளும் செயல்களில், அதுவும் முற்றிலும் புதியவர்க்கு, பயன் அவ்வளவு தெளிவாகக் காணப்படவில்லை எனப் பின்வந்த ஆய்வுகள் பல கூறுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் ஒரு முடிபு கிடைக்கின்றது. ஒவ்வோர் அசைவும் ஓரளவு உருப்பெறும்வரை தனித்துப் பயிற்றுக. உருப்பெற்றபின் கலந்து பயிற்றுக.

ஓராண்டுப் பாடத்திட்டம்

மேற்கூறியவற்றை அடிப்படையாகக் கொண்டு, 144 மணித்தியாலத்திற்குரிய திட்டம் ஒன்றை இங்குத் தருகின்றோம். இதிலே டைக்குவாண்டோ அடிமரம், ஹப்கிடோ கிளை. பிறர் நிலையைக் குலைக்கக் கற்பதன் முன் தம் நிலையைக் காக்கக் கற்றல் முறையாதலாலும், பலரை ஒருங்கே பயிற்றுதற்கு ஏற்றதாதலாலும் இவ்வாறு கொள்ளப்பட்டது. நாற்பது வயதைக் கடந்தோரும், இடுப்பு, முழங்கால் நோவுடையோரும் வைத்தியர் ஆலோசனையோடு இதனை மாற்றி, ஹப்கிடோவின் பிடிவிடுத்தலை அடிமரமாகவும் தாழ்ந்த உதைகளைக் கிளையாகவும் கொள்ளலாம்.

முதற்பருவம் பன்னிரண்டு கிழமைகள், 24 வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பிலும் 90 நிமிடங்களில் 70 நிமிடம் டைக்குவாண்டோவின் நிலை, தடுப்பு, குத்து, முன்னுதை. எஞ்சிய 20 நிமிடத்தில் விழும் முறையும், பூட்டு எதுவுமில்லாத எளிய பிடிவிடுத்தலும்.

இரண்டாம் பருவம் பதினெட்டுக் கிழமைகள், 36 வகுப்புகள். டைக்குவாண்டோவிற்கு 60 நிமிடம்; சுழலுதை, பக்கவுதை, முதல் வடிவப் பயிற்சி என்பன இதில் அடங்கும். ஹப்கிடோவிற்கு 30 நிமிடம். பக்கமாக விலகித் திரும்பும் அடிமுறையும், ஆசான் கண்காணிப்பில் மெதுவாகச் செய்யும் மணிக்கட்டுப் பூட்டு ஒன்றிரண்டும் போதும்.

மூன்றாம் பருவமும் பதினெட்டுக் கிழமைகள், 36 வகுப்புகள். இருகலைக்கும் 45 நிமிடம். இப்பருவத்திலேயே இரண்டையும் தொடுத்துப் பயிற்றத் தொடங்கலாம்.

இத்திட்டத்தின்படி ஹப்கிடோவிற்குக் கிடைப்பவை முறையே 8, 18, 27 மணித்தியாலங்கள். மொத்தம் 53. மூன்றிலொரு பங்கினும் சிறிது மிகுதி. அது குறைவெனத் தோன்றலாம். ஆயினும் கற்றவை சிலவாக இருந்து உறுதியாக நிற்பின் அது குறையாகாது.

தொடுத்துப் பயிற்றும் பாடம் ஒன்று

இரு கலைகளும் எங்கே பொருந்துகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். எதிரே நிற்பவர் தம் வலக்கையால் நம் இடமணிக்கட்டைப் பற்றுகிறார் எனக் கொள்க.

முதலிற் பிடியை நோக்குக. நான்கு விரல்களும் ஒரு பக்கத்தையும் பெருவிரல் ஒன்று மறுபக்கத்தையும் மூடியிருக்கும். பெருவிரல் நுனியும் மற்றை விரல்நுனிகளும் சந்திக்கும் இடமே பிடியின் வலுக்குறைந்த இடம். நம் கைவிரல்களை விரித்து, முன்கையின் ஒடுங்கிய விளிம்பு அவ்விடத்தை நோக்குமாறு திருப்புக. கையைப் பின்னிழுக்காது, நம் முழங்கையை அவர் முழங்கையை நோக்கிச் செலுத்தி ஓரடி முன்வைக்குக. கை வளைந்து மேலெழுந்து பெருவிரற் பக்கமாக வெளிவரும். விசை மிகுதியாகத் தேவைப்படின் எங்கோ பிழையுளது என அறிக.

விடுபட்ட கணத்தில் இருவரும் முழங்கையளவு நெருங்கி நிற்பர். அந்தத் தூரத்தில் முன்னுதை பயன்படாது. முழங்காலை உயர்த்துதற்கும் இடமிராது. ஆதலால் விடுபட்ட கையால் அவர் முன்கையைப் புறத்தே ஒதுக்கிக்கொண்டு, பின்காலை முதலில் நகர்த்திச் சாய்வாக ஓரடி விலகுக. இப்போது காலெட்டும் தூரம் வந்துவிட்டது. முழங்காலை இடுப்பளவிற்கு உயர்த்தி, கால்விரல்களைப் பின்மடித்து, பாதத்தின் முன்பகுதி இலக்கை நோக்கச் செலுத்தி, உடனே மடித்து, காலைத் தாம் விரும்பிய இடத்தில் ஊன்றுக. பயிற்சியில் உதை துணைவரைத் தொடாது நிற்றல் வேண்டும்.

இப்பாடத்தில் ஹப்கிடோ நெருங்கிய தூரத்திலும் டைக்குவாண்டோ நீண்ட தூரத்திலும் பயன்பட்டன. இரண்டையும் இணைத்தது நடுவிலே வைத்த அடி. தொடக்கநிலை மாணவர்க்கு ஆசான் சொல்லவேண்டியது இதுவே: எத்தூரத்தில் நிற்கிறோம் என்பதை முதலில் அறிக, அதன்பின் அத்தூரத்திற்குரியதைச் செய்க. ‘இழு’ என்பதும் ‘இழுக்காதே’ என்பதும் முரணான கட்டளைகளல்ல, வெவ்வேறு தூரத்திற்குரியவை என்பது அப்போது மாணவர்க்கு விளங்கும். பழக்கங்கள் மோதுவதற்கு மருந்தும் இவ்விளக்கமே.

காப்பு விதிகள்

கூடம் எதுவாயினும் பின்வருவன கைக்கொள்ளப்படல் வேண்டும்.

1. விழும் முறையில் ஆசான் தேர்ச்சி கண்ட பின்னரே வீழ்த்தும் பயிற்சி தொடங்குக. பாய் விரியாத தரையில் வீழ்த்துதல் கூடாது.

2. பூட்டப்படுபவர் தம் உடலையோ துணைவரையோ பாயையோ இருமுறை தட்டின், அக்கணமே விடுக. ஏன் என வினவற்க.

3. பூட்டு மெதுவாகவே இறுக்கப்படல் வேண்டும். வேகம் பழகுதற்குரியது அடியெடுப்பிலேயன்றி மூட்டிலன்று.

4. சிறுவர்க்குப் பிடிவிடுத்தலும் விழுதலும் போதும். கழுத்தையும் முதுகெலும்பையும் பற்றிய பயிற்சி எதுவும் வேண்டாம்.

5. போட்டிப் பயிற்சியும் பூட்டுப் பயிற்சியும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே நிகழ்தல் கூடாது. இடையே சிறிது நேரம் மூச்சுப் பயிற்சிக்கு விடுக. சூடேறிய மனம் துணைவரின் மூட்டிற்குப் பகையாகும்.

பட்டியும் நேர்மையும்

இரு கலைகளையும் கற்பிக்கும் கூடங்களிற் பட்டி பற்றிய குழப்பம் உண்டு. குக்கிவொன் வழங்கும் தரச்சான்று டைக்குவாண்டோவிற்கே உரியது. பதினைந்து வயதிற்குட்பட்டோர்க்கு அது பூம் என்னும் வேறு பெயரால் வழங்கும். ஹப்கிடோவிற்கு உலகளாவிய ஒரே தலைமைச் சங்கம் இல்லை. பல சங்கங்கள் தத்தம் சான்றுகளை வழங்குகின்றன. ஆதலால் ஒரு கலையிற் பெற்ற கறுப்புப்பட்டி மற்றதிலும் தேர்ச்சியைக் காட்டாது. இவ்வேறுபாட்டை முதல் நாளிலேயே மாணவர்க்கு விளக்குதல் ஆசான் கடன். இரண்டையும் சிறிது சிறிது அறிந்து, கலவைக்குப் புதுப்பெயரிட்டு விரைவில் ஆசானாதலும் சிலவிடத்து நிகழ்வதுண்டு. ஜி ஹான் ஜே உதையையும் பிடியையும் சேர்த்தவர்தாம். ஆயினும் பிடிமுறையை நன்கு கற்ற பின்னரே சேர்த்தார்.

பிள்ளைகளை இத்தகைய கூடங்களுக்கு அனுப்ப விழையும் பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. எந்த மரபில், எந்தச் சங்கத்தின்கீழ் ஒவ்வொரு கலையும் கற்பிக்கப்படுகின்றது? விழும் முறை எப்போது தொடங்குகின்றது? சிறுவர்க்குப் பூட்டுக் கற்பிக்கப்படுகின்றதா, ஆயின் எவ்வளவு? இவற்றிற்குத் தெளிவான மறுமொழி கூறும் ஆசானிடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம். ஒரு வகுப்பை இருந்து பார்க்க அனுமதி மறுக்கும் கூடத்தைத் தவிர்த்தல் நலம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? டைக்குவாண்டோவையும் ஹப்கிடோவையும் தொடக்கநிலை மாணவர் சேர்த்துப் பயிலலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே இரண்டையும் சமமாகப் பயிலுதல் நன்றன்று. ஒன்றை அடிமரமாகக் கொள்க. மற்றதிலிருந்து முதலில் விழும் முறையையும் பிடிவிடுத்தலையும் எடுத்துக்கொள்க. உடல் ஒரு நிலையிற் பழகியபின், தூரம் அறிந்து இரண்டையும் தொடுக்குக. மூட்டுப்பூட்டை வயதும் பொறுப்பும் வந்தபின் கற்க.

தற்காப்புக் கலையின் பயன் பிறரை அடிப்பதில் அளக்கப்படுவதன்று. தன் மூட்டை நம்பி ஒப்படைத்த துணைவரை ஊறுபடாமற் காத்து, மீண்டும் வணங்கி, மறுநாளும் அவரோடு பயில வருவதே கூடத்திற் கற்கும் முதற்பாடம். அப்பாடத்தைக் கற்ற இளைஞர் கல்லூரியிலும் வீட்டிலும் வீதியிலும் தம்மை அடக்கியாள வல்லவராவர். இளைய மாணவர் உடலுரமும் உள்ளவடக்கமும் ஒருங்கே பெற்று நல்வாழ்வு வாழ்வாராக.